நிறுவுமுன் நான்கு வரிகள்

அந்தாதிகளுக்கு உரை கண்ட சிவசம்புப் புலவரின் ஊர் உடுப்பிட்டி. அங்கே சேர்வர் வேலை பழகும் பிள்ளைகளுக்கென்று நான் எழுதிய நான்கு வரிகளுக்கு இங்கே உரை சொல்கிறேன். கூட்டுறவுக் கிராமிய வங்கி ஒன்று தன் நகை அடகுக் கணக்கையும் சேமிப்புக் கணக்கையும் ஒராக்கிள் நிறுவனத்தின் வெப்லாஜிக் போன்ற ஒரு சேர்வரில் ஏற்றப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவல் கோப்பைத் தொடுமுன்பே இந்த நான்கும் தாளில் முடிவாகியிருக்க வேண்டும். நிறுவிய பிறகு அவற்றுக்கு எவரும் நேரம் ஒதுக்குவதில்லை.

"நிர்வாக வாசல் வெளியே தெரியாதிருக்கட்டும்."

வெப்லாஜிக்கின் பல பதிப்புகளை நிறுவி எதையும் மாற்றாமல் விட்டால், கணக்குப் பார்க்க வருபவரும் சேர்வரையே ஆள வருபவரும் ஒரே வழியால் வருவார்கள்: 7001ஆம் போர்ட். நிர்வாகத்துக்குத் தனிப் போர்ட் ஒதுக்கவேண்டும். அதை அலுவலக உள்வலையிலிருந்து மட்டும் எட்டுமாறு ஃபயர்வோலில் கட்டவேண்டும். "கடவுச்சொல் இருக்குத்தானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2020 ஒக்ரோபரில் ஒராக்கிள் திருத்தம் வெளியிட்ட ஒரு கோளாறு, கடவுச்சொல்லே கேளாமல் வெப்லாஜிக்கின் நிர்வாகத் திரைக்குள் ஆளை விட்டது. தாக்குபவர்கள் சில நாட்களிலேயே, திரையை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

"ரூட்டாக ஓட்டாதே."

இதற்கு நீண்ட உரை வேண்டாம். ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள பயனர் கணக்கு. லினக்ஸில் 1024க்குக் கீழான போர்ட்டுக்கு ரூட் உரிமை வேண்டுமே என்பது வழக்கமான சாக்கு. முன்னால் ஒரு வெப் சேர்வரை நிறுத்தினால் 443ஐ அது பார்த்துக்கொள்ளும். பின்னால் இருப்பதற்குத் தனியொரு பயனர் கணக்குப் போதும்.

"மாதிரியாக வந்த எதுவும் தங்கவேண்டாம்."

மென்பொருளோடு பழகுவதற்கென்று மாதிரிச் செயலிகள் வரும். அவை பாதுகாப்பை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. நிறுவும்போதே அந்தத் தெரிவை நீக்கிவிடலாம். மாதிரிச் சான்றிதழ் இன்னும் ஆபத்தானது. உலாவியில் "எச்ரிரிபிஎஸ்" என்று தெரிவதால் எல்லாம் சரி என்ற எண்ணத்தைத் தந்துவிடும். ஆனால் அதன் இரகசியச் சாவி அதே மென்பொருளை இறக்கிய எல்லாரிடமும் இருக்கக்கூடும். ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே திறப்பு என்றால், பூட்டி என்ன பயன்?

"பதிப்புக்கும் பிரதிக்கும் திகதி குறி."

நான்கில் இதுதான் என்னை அதிகம் வருத்தும் வரி. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வெப் செயலிக் கட்டமைப்புக்குத் திருத்தம் வந்தது. அதைப் போடாமல் விட்ட அமெரிக்காவின் எக்குவிபாக்ஸ் நிறுவனத்திடமிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. அது தூரத்துக் கதை என்றால், எங்கள் நாட்டுக்கே வருவோம்.

இலங்கை அரசின் மின்னஞ்சல்கள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பில் ஓடின. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தது. ஓகஸ்ட் 26ஆம் திகதி அரசின் மேகக் கணினித் தொகுதியைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. தொகுதியைச் சில மணி நேரத்தில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் அன்றுவரை வந்த மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதியும் வலையோடு இணைந்தே இருந்ததால் மூலத்தோடு சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டது. பதிப்பை உயர்த்தும் திட்டம் இருந்தும், பணமில்லாமையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் முடிவுகளாலும் தள்ளிப்போனதாக, அந்தத் தொகுதியை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்னது.

ஆகவே கிராமிய வங்கியின் தாளில் மூன்று திகதிகள் வேண்டும். முதலாவது, இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடியும் நாள். அதற்கு ஒரு வருடம் முன்பே அடுத்த பதிப்புக்கான செலவு வரவுசெலவுத் திட்டத்தில் ஏறவேண்டும். ஒராக்கிள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபர் மாதங்களில் திருத்தங்களை வெளியிடுகிறது. அவற்றைப் போடும் நாள் இரண்டாவது. மூன்றாவது, பிரதியை எடுத்துக் கம்பியைக் கழற்றி, பருத்தித்துறையிலோ நெல்லியடியிலோ வேறொரு கட்டடத்தில் வைத்துப் பூட்டும் நாள். அந்தப் பிரதியிலிருந்து ஓர் அடகுக் கணக்கையாவது வெற்றுக் கணினியொன்றில் திரும்ப எழுப்பிப் பார்த்தபின்தான் சேர்வரை வாடிக்கையாளருக்குத் திறக்கவேண்டும்.