ஜலஜ் சக்சேனாவும் தும்பா மைதானமும்

தும்பா என்றதும் வரலாற்று மாணவர்க்கு 1963ஆம் ஆண்டின் ராக்கெட் ஏவுதலே நினைவுக்கு வரும். அவ்வூரின் புனித சேவியர் கல்லூரி மைதானத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2024 நவம்பரில், உத்தரப் பிரதேசத்துக்கு எதிராகக் கேரளத்தின் ஜலஜ் சக்சேனா அங்குதான் ரஞ்சிக் கோப்பையில் தம் 400ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அத்தொடரில் 6,000 ஓட்டங்களையும் 400 விக்கெட்டுகளையும் எட்டிய முதல் வீரர் அவரே.

அவர் கேரளர் அல்லர். இந்தூரில் பிறந்து, 2005இல் மத்தியப் பிரதேசத்துக்காக ஆடத் தொடங்கி, 2016இல் ஒப்பந்த வீரராகக் கேரள அணிக்கு வந்தவர். பிற மாநிலத்தார் மூவர் வரை ஓர் அணியில் ஆடலாம் என்ற விதி அதற்கு வழிவிட்டது. அவர் வந்தபின் கேரளம் 2017–18இல் காலிறுதியையும், அடுத்த பருவத்தில் அரையிறுதியையும், 2025இல் நாகபுரியில் இறுதியாட்டத்தையும் கண்டது. இவ்வெழுச்சியை உள்ளூர்ப் பயிற்சியின் பயனாக மட்டும் எழுதுவது பிழை.

இந்திய அணிக்கு அவர் ஒருமுறையும் ஆடவில்லை. ஐபிஎல்லிலோ 2021இல் பஞ்சாபுக்காக ஒரே ஓர் ஆட்டம். அஸ்வின் கோலோச்சிய காலத்தில் ஆஃப் சுழலராக இருந்தது ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் என ஏற்க இயலவில்லை.

2025 அக்டோபரில் அவர் மகாராஷ்டிர வீரராகத் திருவனந்தபுரம் திரும்பினார். காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் எதிரணி கேரளம். 18 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் சரிந்த வேளையில் களமிறங்கி, ருதுராஜ் கெய்க்வாடுடன் நிலைத்து நின்று 49 ஓட்டங்கள் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் மகாராஷ்டிரம் 239, கேரளம் 219.