கோட்னிஸ்: சீனக் கிராமங்களில் ஒரு மருத்துவ ஆசிரியர்

சோலாப்பூரில் 1910-ல் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ், மும்பை பரேலிலுள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த சீனா, நேருவிடம் மருத்துவ உதவி கேட்டது. காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. 1938 செப்டம்பரில் மும்பையிலிருந்து கப்பலேறிய அக்குழுவில் கோட்னிஸும் ஒருவர்.

குவாங்சோ, வூஹான், சோங்சிங் நகரங்களைக் கடந்து 1939 பிப்ரவரியில் அவர்கள் யானான் சேர்ந்தனர். அங்கு காற்றால் படிந்த மண் (லோயஸ்) குன்றுகளைக் குடைந்த குகைகளே வீடுகள், மருத்துவமனையும் குகைகளில்தான். பின்னர் போர்முனை நோக்கிய பயணம் மலைக் கிராமங்கள் வழியே நீண்டது. எதிரியின் காவலிலிருந்த இரயில் பாதைகளை இரவின் மறைவில் கடக்க வேண்டியிருந்தது.

ஹெபெய் பகுதியில், கனடிய மருத்துவர் பெத்யூன் பெயரிலான மருத்துவப் பள்ளியில் கோட்னிஸ் அறுவை மருத்துவம் கற்பித்தார். சீன மொழியைக் கற்று அதிலேயே பாடம் நடத்தினார். 1941-ல் பெத்யூன் சர்வதேச அமைதி மருத்துவமனையின் இயக்குநரானார்; செவிலியர் குவோ சிங்லானை மணந்தார்.

ஓயாத உழைப்பு உடலை அரித்தது. 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில், வலிப்பு நோயால் இறந்தார். சீனர்கள் அவரை இன்றும் 'கே திஹுவா' என்ற பெயரில் போற்றுகின்றனர். மும்பையில் வி. சாந்தாராம் 1946-ல் அவர் வாழ்வைத் திரைப்படமாக்கினார்.