இரண்டு குரியேக்களும் ஒரு மைனஸும்

எங்கள் காலத்து புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளியில் அல்ஜீப்ரா படித்தவர்களுக்கு ‘குரியே’ கணக்கு மறந்திருக்காது. குரியே என்றால் குதிரையில் தபால் கொண்டு போகிறவர். ஒரே சாலையில் இருவர் ஒரே திசையில் போகிறார்கள். முன்னால் போகிறவர் 36 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், வேகம் மணிக்கு 5. பின்னால் வருபவர் வேகம் 8. எப்போது, எங்கே சந்திப்பார்கள்?

தூரம் x, நேரம் y. பின்னவருக்கு x = 8y, முன்னவருக்கு x = 36 + 5y. இரண்டையும் சமன் செய்தால் 3y = 36. ஆக 12 மணி நேரம், 96 கிலோமீட்டர். இது சுலபம்.

துரத்தும் கணக்கு மிகப் பழையது. சார்லமேன் அரசவையில் இருந்த அல்குயினின் பெயரில் வழங்கும் புதிர்த் தொகுப்பிலேயே முயலைத் துரத்தும் நாய் உண்டு. முயல் 150 அடி முன்னால். அது 7 அடி தாவினால் நாய் 9 அடி தாவும். அங்கே x-ம் இல்லை, y-ம் இல்லை. தாவலுக்கு 2 அடி மிச்சம், 75 தாவலில் பிடித்துவிடும், அவ்வளவுதான்.

பிறகு எதற்கு அல்ஜீப்ரா? 1817-ல் முதலில் வந்து பல பதிப்பு கண்ட பூர்தோனின் பாடநூல் போன்றவை குரியே கணக்கை எண்ணோடு விடவில்லை. எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டு, “வேகம் இரண்டும் சமமானால்? பின்னவர் மெதுவானால்?” என்று குடைந்தெடுத்தன. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ‘டிஸ்குசியோன்’ இல்லாமல் கணக்கு முடியாது!

என் வினை அங்கேதான் வந்தது. ஒரு பரீட்சையில் வேகங்களை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பின்னவர் 5, முன்னவர் 8. எனக்கு y = −12 என்று வந்தது. நேரம் மைனஸில் வருமா? பயந்துபோய் அழித்துவிட்டு 12 என்று எழுதினேன். முட்டை மார்க். அந்த வருடம் அதே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருடம் வந்த முசியே பொறுமைசாலி. “அழித்தாயே, அதுதான் சரியான விடை” என்றார். இனிமேல் சந்திக்கமாட்டார்கள், 12 மணி நேரத்துக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். மைனஸ் விடை வந்தால் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுப் பார் என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே தலாம்பேர் சொன்னதன் சாரம். வேகம் சமமானால் கீழே பூஜ்யம் வரும். என்றைக்கும் 36 கிலோமீட்டர் இடைவெளிதான்.

1837-ல் பாரீஸ்–சேன் ழெர்மேன் ரயில் ஓடத் தொடங்கியது. காலப்போக்கில் குதிரை போய் பாடநூல்களில் ரயில் வந்தது. நமக்கும் 1879-லேயே விழுப்புரம் ரயில் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் நோட்டில் குதிரைகளே ஓடிக்கொண்டிருந்தன.

போன வாரம் பேரன் ஒரு ரயில் கணக்கு போட்டான். மைனஸ் வந்தது. ரப்பரை எடுத்தான். “இருடா” என்று கையைப் பிடித்துக்கொண்டு குரியே கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

“அப்போ எந்த இடத்துல சந்திச்சாங்க தாத்தா?”

“x என்னன்னு பாரு.”

மைனஸ் 60. பின்னவர் நிற்கும் இடத்துக்கும் 60 கிலோமீட்டர் பின்னால்.