முத்துக்குளிப்போரின் உடலும் கருவியும்

மன்னார் தொடக்கம் சிலாபம் வரை நீண்டு கிடக்கும் கடலடிப் பார்களில் விளைந்த முத்து, பண்டு தொட்டே உலகறிந்த பொருளாகும். கி. பி. 1344ஆம் ஆண்டிற் புத்தளக் கரையில் இறங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னே முத்துக்கள் குவிந்திருந்ததையும், ஏவலர் அவற்றைத் தரம் பிரித்ததையும் கண்டு எழுதினார். முத்தின் மதிப்பையும் அதனை அணிந்த வேந்தரையும் பற்றி வரலாறு நிறையப் பேசும். அதனை எடுத்துவந்த மனிதரைப் பற்றியோ மிகக் குறைவாகவே பேசும். அவர்தம் பெயர்கள் மறைந்தன. எனினும், அவர் கையாண்ட கருவிகளின் வடிவம் அவர்தம் உடலுழைப்பை இன்றும் நமக்கு உணர்த்துகின்றது.

இலங்கையிற் பணிபுரிந்த பிரித்தானியப் படையதிகாரி றொபேட் பேர்சிவல், 1803இல் வெளியிட்ட நூலில், கொண்டச்சிக் குடாவில் நடந்த முத்துக்குளிப்பை விவரிக்கின்றார். குளிப்போன் கல்லைப் பிணித்த கயிற்றை வலக்காலின் விரல்களாற் பற்றுவான். வலைப்பையை இடக்காலின் விரல்களாற் பற்றுவான். ஒரு கையால் மற்றொரு கயிற்றைப் பிடித்து, மறு கையால் மூக்கை அடைத்துக்கொண்டு மூழ்குவான். சிலர் பிறைவடிவான கல்லை வயிற்றிற் கட்டிக்கொண்டு இறங்கினர் என்றும், அதனால் அவர்தம் கால்கள் கட்டின்றி இருந்தன என்றும் அவர் கூறுகின்றார்.

இக்கருவிகள் ஒவ்வொன்றும் உடலின் ஓர் இயல்புக்கு விடையாக அமைந்தவை. மூச்சு நிறைந்த உடல் மிதக்கும் இயல்புடையது. அதனைத் தன் வலிமையால் கீழே செலுத்துவோன் மூச்சை வீணே செலவிடுவான்; கல் அவ்வுழைப்பைத் தானேற்றது. வெறுங்காலுடன் வாழ்வோரின் பெருவிரல், அடுத்த விரலினின்றும் விலகிப் பற்றுந்திறன் உடையதாதலின், காலே இரண்டாவது கையாயிற்று. பாதக்குறடு தரித்த துறவியரும் இவ்விடைவெளியையே பயன்கொண்டனர். வயிற்றின் வளைவுக்கு ஏற்ப அமைந்தது பிறைக்கல்.

மூக்கை அடைப்பது நீர் புகாமைக்கு மட்டுமன்று. அடைத்த மூக்கினுள் மெல்ல ஊதினால், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறந்து, செவிப்பறையின் இருபுறத்து அழுத்தமும் சமமாகும். பாரசீகக் குடாவிற் குளிப்போர், கத்தரிபோன்ற இடுக்கியை மூக்கில் மாட்டினர் என இபின் பதூதா குறித்துள்ளார். கை செய்த தொழிலைக் கருவி ஏற்றதும், கை சிப்பி பொறுக்க விடுதலை பெற்றது.

கடலின் ஆழத்தை அளந்த கோலும் உடலே. இருகைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். அது ஏறக்குறைய 6 அடி. பாகத்துக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லும் விரித்த கைகளையே பண்டு குறித்தது. கயிற்றைக் கைவிரித்து அளந்தவன், தன் உடலின் அளவாலேயே கடலை அறிந்தான்.

ஆயினும், கைக்கும் காலுக்கும் பொருந்திய கருவி, நுரையீரலுக்கும் செவிக்கும் துணைசெய்யவில்லை. பேர்சிவல் கூறும் ஆழம் 4 முதல் 10 பாகம் வரையாகும். 33 அடி ஆழத்தில் உடல்மேல் அழுத்தம் கடன்மட்டத்தினும் இருமடங்காகும். மேலே வந்தோரின் வாய், மூக்கு, செவி ஆகியவற்றினின்றும் நீரும், பலவேளை குருதியும் வெளிப்பட்டன என அவரே எழுதுகின்றார். ஒரு நாளில் மீண்டும் மீண்டும் மூழ்கியோர்க்கு அது வழக்கமான துன்பமாயிற்று. சிப்பியை விரைவில் எடுக்கக் கருவி உதவியது. எடுப்போனின் நலம் கணக்கில் வரவில்லை.

இன்று கற்பிட்டிக் கடலிற் கடலட்டை எடுப்போர், காற்றுக்கலம் சுமந்து இறங்குகின்றனர். அவர் அணியும் முகமூடியில் மூக்குக்கெனத் தனி உறை உண்டு. விரலால் அதனைப் பிடித்துச் செவியின் அழுத்தத்தைச் சமன்செய்தற்கே அது அமைந்தது. பழைய குளிப்போன் கையாற் செய்ததே புதிய கருவியின் வடிவமாயிற்று. ஆனால், காற்றுக்கலம் மூச்சை நீட்டியதோடு புதிய இடரையும் தந்தது. நெடுநேரம் ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுவோரின் குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றி, மூட்டையும் முதுகுத்தண்டையும் தாக்கும்.

எனவே, கருவியை மதிப்பிடுவோர் அது கைக்குப் பொருந்துகின்றதா என்று கேட்பதோடு அமையலாகாது. அதனைத் தாங்கும் உடல் முழுவதும் நலமாய்க் கரைசேருகின்றதா என்றும் கேட்டல் வேண்டும். முத்தை எண்ணிய ஏடுகள் கேளாது விட்ட கேள்வி அதுவே.