வாகன நுழைவழி மாற்றமும் மண்டல அனுமதியும் (பென்சில்வேனியா)

பொதுச் சாலையிலிருந்து ஒரு குடியிருப்பு மனைக்குள் மோட்டார் வாகனம் புகுந்து நிற்பதற்கென்று சிமெண்ட், தார், செங்கல், சரளை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் தளமிட்டு அமைக்கப்படும் வழியே வாகன நுழைவழியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டிரைவ்வே என்று வழங்கும் இவ்வழியை அகலப்படுத்தவோ, மனையின் மற்றொரு பக்கத்துக்கு மாற்றவோ, இரண்டாவது வாயிலொன்று திறக்கவோ விரும்பும் வீட்டுக்காரர், நிலம் முழுதும் தமக்கே உரியதாயினும், பெரும்பாலான ஊர்களில் ஸ்தல ஸ்தாபனத்தின் முன் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அவ்வனுமதி எவ்வாறு கேட்கப்படுகிறது, எக்காரணங்களால் மறுக்கப்படுகிறது என்பவற்றை, சட்டம் தெளிவாக வகுக்கப்பட்டுள்ள பென்சில்வேனியா மாநிலத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

நகர நிலத்தை உபயோகத்திற்கேற்ப மண்டலங்களாகப் பகுத்து, ஒவ்வொரு மண்டலத்திலும் கட்டிடத்தின் உயரமும் பரப்பும் எல்லையிலிருந்து அது விலகி நிற்க வேண்டிய தூரமும் இவ்வளவென்று விதிக்கும் முறை, 1916இல் நியூயார்க் நகரம் இயற்றிய தீர்மானத்தால் அந்நாடெங்கும் பிரசித்தி பெற்றது. ஹெர்பர்ட் ஹூவர் வர்த்தகச் செயலாளராயிருந்த காலத்தில், மாநிலங்கள் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டமொன்றை அவருடைய இலாகா 1924இல் அச்சிட்டு வழங்கியது. ஒஹாயோவைச் சேர்ந்த யூக்ளிட் என்னும் சிற்றூருக்கும் ஆம்ப்ளர் நிலக் கம்பெனிக்கும் நிகழ்ந்த வழக்கில், இத்தகைய கட்டுப்பாடு அரசியல் சாசனத்துக்கு முரணன்று என்று உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்த பின், ஊர்கள் பலவும் தயக்கமின்றி மண்டல விதிகளை இயற்றத் தொடங்கின. தனி மனிதனின் சொத்துரிமைக்கும் அயலாரின் சௌகரியத்துக்கும் இடையே எல்லை வகுக்கும் அதிகாரம் இங்ஙனம் ஊர் மன்றங்களின் கைக்கு வந்தது.

பென்சில்வேனியாவில் இவ்வதிகாரத்துக்கு ஆதாரமாக நிற்பது 1968ஆம் ஆண்டின் நகராண்மைத் திட்டமிடல் சட்டம். பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் இதற்கு உட்படாமல் தனி விதிகளைக் கொண்டுள்ளன. ஏனைய நகரங்களும் பரோக்களும் டவுன்ஷிப்புகளும் இதன் வரம்புக்குள் நின்று தத்தம் விதிகளை வகுத்துக்கொள்கின்றன. அம்மாநிலத்தில் 2,500க்கும் மேற்பட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் இருத்தலின், ஒரு தெருவுக்கு இப்புறம் அனுமதிக்கப்படும் அகலம், ஊரெல்லை கடந்த அப்புறத்தில் மறுக்கப்படுவதும் உண்டு. ஆகையால் விண்ணப்பதாரர் முதலில் படிக்க வேண்டியது தம்முடைய ஊரின் விதித் தொகுப்பையே. அண்டை ஊரில் வாழும் நண்பரின் அனுபவம் இவ்விஷயத்தில் பிரமாணமாகாது.

இங்கே பலரும் கவனியாது விடும் பேதமொன்று உண்டு. மனைக்குள் அமையும் தளம் மண்டல அதிகாரியின் பார்வைக்கு உரியது. அந்தத் தளம் சாலையோடு சேருமிடமோ, விளிம்புக் கல்லைத் தாழ்த்தி நடைபாதையைக் கடக்கும் அந்தச் சில அடிச் சரிவு உட்பட, சாலைக்கு உரியவரின் அதிகாரத்தில் அடங்கியது. ஊராட்சிச் சாலையாயின் ஊராட்சியும், மாநில நெடுஞ்சாலையாயின் பென்டாட் என்று சுருக்கமாக வழங்கும் மாநிலப் போக்குவரத்து இலாகாவும் தனியே உத்தரவு தரவேண்டும். நாளொன்றுக்கு 25 வாகனங்களுக்கு மேற்படாத வழியை அவ்விலாகா மிகக் குறைந்த உபயோகமுள்ள வகையாகக் கொள்ளுவதால், சாதாரண வீட்டு வழிகள் எளிய வகுப்பிலேயே அடங்கும். எனினும், அங்கிருந்து வெளிவரும் வண்டியோட்டிக்குச் சாலையின் இருபுறமும் போதிய தூரம் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமென்ற நிபந்தனை அவற்றுக்கும் உண்டு. ஓர் உத்தரவு கிடைத்தமையால் மற்றதும் கிடைத்துவிட்டதாகக் கருதி வேலையைத் தொடங்குவோர் பிறகு செய்த வேலையை உடைக்க நேரிடுகிறது.

மண்டல அதிகாரி பரிசீலிக்கும் விஷயங்களுள் தலையாயது நீர் ஊடுருவாத பரப்பு. வீட்டின் கூரை, திண்ணை, நடைவழி, வாகன வழி ஆகிய யாவும் மழைநீரை மண்ணுக்குள் இறங்கவொட்டாமல் தடுப்பனவாதலால், அவற்றின் மொத்தம் மனையில் இத்தனை விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று விதிகள் கூறுகின்றன. எடுத்துக்காட்டாக, 50 அடி அகலமும் 120 அடி நீளமும் உள்ள ஒரு மனையின் பரப்பு 6,000 சதுர அடி. அவ்வூரின் வரம்பு 40 விழுக்காடாயின் 2,400 சதுர அடி வரை மூடலாம். வீடு 1,500, இருக்கும் வாகன வழி 500, பின்புறத் தளமும் நடைவழியும் 300 என்று கொண்டால் முன்பே 2,300 ஆகிவிடுகிறது. இரண்டாவது கார் நிற்பதற்காக 10 அடிக்கு 20 அடி தளம் கூட்டினால் மொத்தம் 2,500 ஆகி, 100 சதுர அடி மிகுந்துவிடும். சரளை இட்டால் கணக்கில் வாராது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் வாகனச் சுமையால் இறுகிப்போகும் சரளையையும் பல ஊர்கள் ஊடுருவாப் பரப்பாகவே எண்ணுகின்றன.

இக்கணக்கை அதிகாரிகளின் வீண் கெடுபிடியென்று கருதுதல் தவறு. ஓர் அங்குல மழை 200 சதுர அடித் தளத்தின் மீது பொழியுமாயின் ஏறக்குறைய 470 லிட்டர் நீர் அங்கிருந்து வழிந்தோடும். தளம் பக்கத்து மனையை நோக்கிச் சரிந்திருப்பின் அந்நீர் முழுதும் அயலாரின் நிலவறைச் சுவரைச் சென்று முட்டும். தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் இவ்வாறே விரிந்தால் வடிகால்களும் ஓடைகளும் தாங்கா. பென்சில்வேனியா 1978இலேயே மழைநீர் நிர்வாகத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதற்கு இத்தகைய அனுபவமே காரணம். மேற்கூறிய உதாரணத்தில், பயனற்றுக் கிடக்கும் பழைய நடைவழியில் 100 சதுர அடியைப் பெயர்த்துப் புல் வளர்க்க உடன்பட்டால் வரம்பு மீறப்படாது. எல்லை விலகல் முதலிய பிற விதிகளும் பொருந்துமாயின் விசாரணையே வேண்டாது அதிகாரியின் மேசையிலேயே காரியம் முடிந்துவிடும். விதியைத் தளர்த்தும்படி கேட்பதற்கு முன் வரைபடத்தைத் திருத்திப் பார்ப்பதே எப்போதும் உத்தமமான வழி.

திருத்தியும் பொருந்தாதபோது மண்டல விசாரணைக் குழுவின் முன் விதித் தளர்வு கோரலாம். இக்குழு அவ்வூர்வாசிகளான மூவரையோ ஐவரையோ கொண்டது. மனையின் வடிவம், சரிவு போன்ற பௌதிக இயல்பு பிற மனைகளுக்கு இல்லாத பிரத்தியேகமான கஷ்டத்தைத் தருகிறதா, அதனால் விதிக்குட்பட்டு நிலத்தைத் தக்கபடி பயன்படுத்த இயலாதிருக்கிறதா, அக்கஷ்டம் விண்ணப்பதாரர் தாமே தேடிக்கொண்டதன்றா, தளர்வினால் சுற்றுப்புறத்தின் இயல்பு கெடாதா, கேட்பது நிவாரணத்துக்குப் போதிய குறைந்தபட்ச அளவுதானா என்பனவற்றைக் குழு ஆராய வேண்டுமென்பது சட்டம். அளவுகள் சம்பந்தமான சிறு தளர்வுகளில் விதிக்கு இணங்கி நடப்பதால் நேரும் பணச்சுமையையும் சுற்றுப்புறத்தின் தன்மையையும் கருதலாமென்று மாநில உச்ச நீதிமன்றம் 1998இல் ஹெர்ட்ஸ்பர்க் வழக்கில் சற்று இளக்கம் காட்டிற்று. இருப்பினும், மூன்றாவது கார் வாங்கிவிட்டோம், இடம் போதவில்லை என்பது சௌகரியக் குறைவேயன்றிச் சட்டம் கருதும் கஷ்டமாகாது. இந்த நியதி கடுமையானதுதான். ஆனால் சொல்வன்மை மிக்கவருக்கு ஒரு விதியும், வாயற்றவருக்கு ஒரு விதியும் என்றாகாமல் காப்பதும் அதுவே.

விசாரணை பற்றிய அறிவிப்பு அடுத்தடுத்த இரு வாரங்கள் பத்திரிகையில் வெளியாக வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாகவே அம்மனையில் யாவரும் காணுமாறு நோட்டீஸும் நாட்டப்பட வேண்டும். குறித்த நாளில் மன்றத்தில் நடப்பதைப் பார்ப்பவர், ஒரு சிறு நீதிமன்றத்தையே காண்பார். சுருக்கெழுத்தர் ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்கிறார். வீட்டுக்காரர் பிரமாணம் எடுத்துக்கொண்டு, சர்வே வரைபடத்தில் எல்லைக் கோட்டிலிருந்து தளம் எத்தனை அடியில் நிற்குமென்பதை விரல் வைத்துக் காட்டுகிறார். மழைக்குப் பின் தம் தோட்டத்தில் நீர் தேங்கி நின்ற புகைப்படத்தைக் கையில் கொண்டுவந்த அண்டை வீட்டார், அந்த நீர் எவ்வழியே வந்தது என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார். குழு உறுப்பினர் எவரும் இரு தரப்பாருள் ஒருவரோடு மட்டும் வழக்கின் சாரத்தைப் பற்றித் தனியே உரையாடலாகாது. கடைத்தெருவில் தற்செயலாகச் சந்தித்த உறுப்பினரிடம் நல்வார்த்தை சொல்லி வைக்க முயல்வது வழக்கைக் கெடுக்கும். சுருக்கெழுத்தர் வருகைக்கான கட்டணத்தில் பாதியை விண்ணப்பதாரர் ஏற்க வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தோடு இதுவும் சேரும்போது, சிறிய மாற்றத்தை நாடும் எளிய குடும்பத்துக்குச் செலவு பாரமாகிறது என்பதை இம்முறையின் மெய்யான குறையாகவே கொள்ள வேண்டும்.

குழு தளர்வு வழங்கும்போது நியாயமான நிபந்தனைகளையும் சேர்க்கலாம்: நீர் இறங்கும் கல்தளம் இடுதல், ஓரத்தில் வேலிச்செடி வளர்த்தல், மழைநீரை உறிஞ்சும் குழி அமைத்தல் போல்வன. நிபந்தனை என்ற பெயரால் எதையும் கேட்டுவிட முடியாது. கடையை விரிவாக்கி வாகன நிறுத்தத்துக்குத் தளமிட முனைந்த டோலன் என்பாரிடம், ஓரிகன் மாநிலத்து டைகார்டு நகரம் ஓடையோர நிலத்தையும் பாதைக்கான நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கோரியபோது, கோரிக்கை அவருடைய திட்டத்தால் நேரும் பாதிப்புக்கு ஏறக்குறைய ஈடானதாக இருத்தல் வேண்டுமென்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1994இல் வரையறுத்தது.

விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். கடைசி அமர்வுக்குப் பின் 45 நாட்களுக்குள் எழுத்து மூலம் தீர்ப்பு வர வேண்டும். விண்ணப்பதாரர் கால நீட்டிப்புக்கு உடன்படாத நிலையில் குழு தவறினால், தீர்ப்பு அவருக்குச் சாதகமானதாகவே கருதப்படும். அனுமதியின்றி வேலை செய்தவருக்கு முதலில் அமலாக்க நோட்டீஸ் வரும். அதற்கும் இணங்காவிட்டால் 500 டாலர் வரை அபராதமும் வழக்குச் செலவும் விதிக்கப்படலாம், மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகலாம். குழுவின் முடிவில் திருப்தியுறாதவர், வீட்டுக்காரராயினும் ஆட்சேபித்த அயலாராயினும், தீர்ப்பு தபாலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். சாதகமான தீர்ப்பைப் பெற்றவரும் அந்த 30 நாட்கள் கழிந்து, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிடுமாறு 811 என்ற எண்ணுக்குத் தகவல் தந்த பிறகே தோண்டத் தொடங்குவது நலம். அதற்கு முன் கான்கிரீட் ஊற்றுபவர், அப்பீலில் தோற்றால் அதைப் பெயர்த்தெடுக்கும் செலவையும் தாமே ஏற்க வேண்டியிருக்கும்.