யாழ்ப்பாணத்துக் கல்விச்சாலைகளும் குடிவிலக்கும்

தமிழர் கள்ளைப் புதிதாய் அறிந்தவரல்லர். அதியமான் நெடுமானஞ்சி தன் கள்ளை ஔவையாரோடு பகிர்ந்துண்ட செய்தியைப் புறநானூறு கூறும்; வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனியதிகாரம் வகுத்தார். இவ்வழக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கூர்மையுற்றமைக்குக் காரணம் பனை. பாளை சீவிக் கட்டிய முட்டியிற் சுண்ணாம்பு பூசப்பெற்றிருப்பின் இறங்குவது கருப்பநீர், காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையெனின் அதுவே புளித்துக் கள்ளாகும். ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே தொழிலாளி.

1816ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமார், குடிவிலக்கியக்கம் முளைவிட்டுக்கொண்டிருந்த நியூ இங்கிலாந்து நாட்டினர். 1826இல் பொஸ்தன் நகரில் அமெரிக்கக் குடிவிலக்குச் சங்கம் தோன்றியது. அவ்வுணர்ச்சி கடல் கடந்து மிசன் பாடசாலைகளிலும் பரவிற்று. மறுபுறத்தே, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், தம் நான்காம் பாலபாடத்திற் கள்ளுண்ணலையும் வியபிசாரத்தையும் தனித்தனிப் பாடங்களாக வைத்துக் கண்டித்தார். ஏனைய அனைத்திலும் கண்டனமும் மறுப்புமாய் மோதிய இருதிறத்தாரும் இவ்வொன்றில் ஒரே குரலாய் நின்றது வியப்பன்று. எனினும் எடுத்துக் கூறத்தக்கது.

1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் தென்னிலங்கையிற் பெருங் கிளர்ச்சியை எழுப்பியது. அதன் பின்னர், ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடுவிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் இம்முறை ஊக்கத்தோடு கையாளப்பெற்றது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் தோற்றுவித்த மாணவர் காங்கிரசு, 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. அவர் கதரோடு தீண்டாமை யொழிப்பையும் மதுவிலக்கையும் வற்புறுத்தினார்.

அவ்விரண்டையும் அவர் சேர்த்தே பேசியமை ஆழ்ந்து நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்துக் குடிவிலக்காளர் பலர் முன்னையதை விட்டுப் பின்னையதை மட்டும் பற்றினர். தவறணை மூடப்பட்டபோது பிழைப்பிழந்தவன் மரமேறுந் தொழிலாளி. அவனை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தி வைத்தோருள், போத்தலில் வந்த சாராயத்தைக் கௌரவமெனக் கருதினோரும் உளர். குடிவிலக்கு அவ்விடத்துச் சாதியபிமானத்துக்கு ஒரு போர்வையாயிற்று என்று கூறின் அது மிகையாகாது. மரத்துக்கு வரி செலுத்திக் கள் விற்கும் மரவரி முறையும் இருந்தது. 1970களில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அத்தொழிலை ஏற்ற பின்னரே அவர்க்கு ஓரளவு பாதுகாப்புக் கிட்டியது.

இனி, இம்முயற்சிகள் யாவற்றிலும் காணப்பெறாத ஒருத்தி உளள்; குடித்து வந்தவன் கையால் அடிபட்ட மனைவி. பாடநூல் குடியின் கேட்டை மாணவனுக்கு உரைத்தது; பிரதிக்கினை அவன் வாயை அடைத்தது. பிரதிக்கினை தவறியவன் எங்கே செல்வான், அவனில்லத்துப் பெண் யாரிடம் சொல்வாள் என்ற வினாக்களுக்கு அங்கே விடையில்லை. வீட்டு விடயம் வீதிக்கு வரலாகாது என்பதே ஊரின் நியாயமாயிருந்தது.

அவ்வமைதி கலைந்தது போர்க்காலத்தில். 1980களில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் சிலர் பூரணி இல்லத்தை அமைத்தனர். 1989 செப்ரெம்பர் 21இற் கொலையுண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ரஜனி திராணகம அதில் முன்னின்றோருள் ஒருவர். மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல் போர் தந்த மனவடுக்களை ஆராய்ந்தது. குடியைப் பாவமென்று மட்டும் கொள்ளாது, ஆறாத மனப்புண்ணின் அறிகுறியாகவும் காணும் நோக்கு இவ்வாறே இம்மண்ணில் வேரூன்றியது.

2009இற் போர் முடிந்த பின் கஞ்சாவும் ஏனைய போதைப்பொருள்களும் மாணவர் வயதினரை நெருங்கின. சட்டங்களுக்குக் குறைவில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டிக்கின்றது; 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதார்க்கு மதுவும் புகையிலையும் விற்றலைத் தடுக்கின்றது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். ஆயின் அச்சட்டம் கணவன் மனைவியரையும், ஒருங்கு வாழ்வோரையும், குறித்த உறவினரையுமே கருதுகின்றது. ஒரே வகுப்பிற் பயின்று, மணவாது, வேறுவேறு விடுதிகளில் வாழும் காதலர் அதன் வரம்புக்குள் வாரார். அச்சுறுத்தப்படும் மாணவிக்கு எஞ்சுவது பொதுக் குற்றவியற் சட்டமும், மாணவ ஆலோசகராய் நியமனம் பெற்ற விரிவுரையாளருமே. அவ்விரிவுரையாளரே அவளது விடைத்தாளுக்குப் புள்ளியிடுபவராயும் இருக்கலாம். போதைக்கு ஆட்பட்ட மாணவனும் அதே கதவையே தட்டவேண்டும்; உள்ளே இருப்பது மருந்தா, விலக்கற் கடிதமா என்பதை அறியாமல் அவன் வெளியே நிற்கின்றான்.