மதுரையில் பிறந்தவர் மெச்சிய கல்கத்தா புத்தகம்

கார்டன் ரீச்சில் நம்மூர்ப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுகளில் கணக்கு சொல்லித் தருகிறேன். வகையிடல் விதிகள் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். அடுக்கை முன்னால் இறக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. தனி எண் என்றால் பூஜ்யம். 'இதெல்லாம் எதுக்குப்பா?' என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். அப்போது நான் எடுத்துவிடுவது இந்த ஊரிலேயே 1850இல் வெளிவந்த ஒரு புத்தகத்தின் கதையை :)

எழுதியவர் ராமச்சந்திரா, டெல்லி கல்லூரி ஆசிரியர். பெரும்பாலும் தானே படித்துக் கணிதம் கற்றவர். பெருமம், சிறுமம் காணும் கணக்குகளை வகையிடலே இல்லாமல் வெறும் அல்ஜீப்ராவால் போட முடியும் என்று காட்டினார். சொந்தக் காசில் அச்சிட்டார். கல்கத்தா விமர்சகர்களோ குறைதான் சொன்னார்கள்.

அவர் வழியைப் பார்ப்போம் (எண்கள் என்னுடையவை). 20 அடிக் கயிற்றால் ஒரு செவ்வகம் வளைக்க வேண்டும். பரப்பு அதிகபட்சம் எவ்வளவு? நீளம் அ என்றால் அகலம் 10 − அ. பரப்பு 10அ − அ².

நம் பிள்ளைகள் வகையிடுவார்கள்: 10 − 2அ. உச்சியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆகவே அது பூஜ்யம். அ = 5, பரப்பு 25.

ராமச்சந்திரா பரப்பை ப என்று வைப்பார். அ² − 10அ + ப = 0. தீர்வு 5 ± √(25 − ப). ப 25ஐத் தாண்டினால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்துவிடும். அப்படி ஒரு செவ்வகமே கிடையாது. ஆகவே உச்சம் 25. அவ்வளவுதான்!

கல்கத்தாவில் பெண்கள் பள்ளி தொடங்கிய பெத்யூன், இப்புத்தகத்தை லண்டனில் இருந்த கணித மேதை அகஸ்டஸ் டி மார்கனுக்கு அனுப்பினார். டி மார்கன் 1806இல் நம் மதுரையில் பிறந்தவர்! கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார். புத்தகத்தின் அருமையை உணர்ந்து கம்பெனி இயக்குநர்களிடம் எடுத்துச் சொன்னார். 1859இல் அவர் முன்னுரையோடு லண்டனில் மறுபதிப்பு வந்தது.

வகையிடல் இருக்க இந்தச் சுற்று வழி எதற்கு என்று கேட்கலாம். சிக்கலான கணக்குகளுக்கு வகையிடல்தான் சுலபம், சந்தேகமே இல்லை. ஆனால் 25க்கு மேல் ஏன் போக முடியாது என்பது இந்த வழியில் கண்ணுக்குத் தெரிகிறது. அது தெரிந்த பிள்ளைக்கு 'பூஜ்யத்துக்குச் சமப்படுத்து' என்பது வெறும் மந்திரமாக இருக்காது.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிப்பவரிடம் இந்தக் கயிற்றுக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் விதி இல்லாமல்.